ஸ்டிக்கர் இல்லாத வாசல்

ஒரு ஊர்ல, நம்ம ஊர் இல்ல, ஒரு கோலமாவுக்காரி இருந்தா. பேரு பொற்கொடி. வாய் ஓயாத பொம்பள. ம் சொல்லு, நீ ம் கொட்டுனாதான் கதை நகரும்.

அந்த ஊர்ல எல்லாரும் வாசப்படியில ஸ்டிக்கர் கோலம் ஒட்டிட்டாங்க. குனிய வேண்டாம், நிமிர வேண்டாம். அப்போ கோலமாவ யாரு வாங்குவா? பொற்கொடி தெருத்தெருவா கூவிப் பாத்தா, கதவச் சாத்திக்கிட்டாங்க. மாவு மூட்டை மூட்டையா தேங்கிப் போச்சு. விக்கலைன்னா வீட்டப் பூட்டிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயி, அண்ணி போடுற சோத்துக்குக் காத்துக் கெடக்கணும். அதுக்கு அவ மனசு ஒப்பல.

அப்புறம் ஒரு யோசனை பண்ணா. கூவாமலே இவங்கள வாசலுக்கு வரவைக்கிறேன் பாருன்னு, விடியறதுக்கு முன்னாடி மொதல் தெருவுக்குப் போயி, தண்ணி தெளிச்சு, சரசரசரன்னு வீட்டுக்கு வீடு ஒரு மயிலப் போட்டுட்டு வந்துட்டா. பேரு எழுதல. காலையில கதவத் தொறந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. தோகை கலைஞ்சிடக் கூடாதுன்னு பால்காரர் சைக்கிள விட்டு எறங்கி ஓரமா உருட்டிக்கிட்டுப் போனாரு.

மறுநாள் ரெண்டாம் தெரு. யானை. பள்ளிக்கூடம் போற பிள்ளைங்கல்லாம் யானையச் சுத்திக் குத்தவெச்சு உக்காந்துக்கிச்சுங்க. ஊர் பூரா யாரு போட்டது, யாரு போட்டதுன்னு ஒரே பேச்சு. ம்? தூங்கிட்டியா? இல்லல்ல. சரி.

மூணாம் நாள் மூணாம் தெரு. இன்னைக்குப் பேரு எழுதிடணும்னு கெளம்பினா. ஒரு வீட்டுப் படியில மட்டும் ஸ்டிக்கர் இல்ல, பிச்சு எடுத்த தடம் இருந்துச்சு. பொற்கொடிக்கு ஒரே குஷி. "ஆத்தாடி, இவ ஒருத்திதான் ரசனை தெரிஞ்சவ, ஸ்டிக்கர் பிடிக்காமப் பிச்சுப் போட்டிருக்கா"ன்னு, இருந்த கலரெல்லாம் கொட்டி வாசல் நெறைய ஒரு தேர் போட்டா. கீழ கொட்டை எழுத்துல 'பொற்கொடி கோலமாவு'ன்னு அழுத்தி எழுதினா.

விடிஞ்சதும் கூடையத் தூக்கிக்கிட்டு நெஞ்ச நிமித்தி வந்தா. தெருவே கூடி நிக்குது. அப்போ அந்த வீட்டுக்குள்ளேருந்து ஜல் ஜல்னு குயிலின்னு ஒரு சின்னப் பொண்ணு ஓடி வந்துச்சு. தேரப் பாத்துட்டு உள்ள திரும்பி, "அம்மா, அப்பா வந்துட்டாரு, கோலம் போட்டாச்சு"ன்னுச்சு.

அந்த வீட்டு அப்பா செத்து அஞ்சு நாளுதான் ஆகுது. துக்க வீட்ல கோலம் ஆகாதுல்ல, அதான் ஸ்டிக்கரப் பிச்சுட்டாங்க. ஏன் பிச்சேன்னு குயிலி கேட்டப்போ, அம்மா தமயந்தி வேற சொல்ல வாய் வராம, "அப்பா ஊருக்குப் போயிருக்காரு, வந்ததும் கோலம் போடலாம்"னு சொல்லி வெச்சிருந்தா.

குயிலி கூடத்துல தேடுச்சு. அடுப்படியில தேடுச்சு. கொல்லையில தேடுச்சு. திரும்பி வாசலுக்கு வந்து, "எங்க அப்பா எங்க?"ன்னு கேட்டுச்சு. யாருகிட்ட? கூடையோட நின்ன பொற்கொடிகிட்ட.

வாய் ஓயாதவ கூடையக் கீழ எறக்கி வெச்சா. கூனிக் குறுகிப் போயிட்டா. சாவு விழுந்த வீட்டுல போயி ஏவாரம் பண்ணேனேன்னு வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. ஒரு கொடம் தண்ணி எடுத்து ஊத்தினா, சளார். ரெண்டாங் கொடம், சளார். மூணாங் கொடத்துல தேர் கரைஞ்சு போச்சு, ஆனா அவ பேரு மட்டும் போகல. மண்டி போட்டு முந்தானையால தேச்சா. தமயந்தி ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாத் தேவலன்னு இருந்துச்சு இவளுக்கு. அவ ஒரு வெளக்குமாத்தக் கொண்டாந்து பக்கத்துல வெச்சுட்டு, கொழந்தையத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா.

மயிலையும் யானையையும் பாத்தவங்க தேடி வந்து வாங்கினதுல மாவு என்னமோ வித்துத்தான் போச்சு, மூட்டையெல்லாம் காலி. ஆனா அப்புறம் பொற்கொடி கதவத் தட்டி, "போடலாமாம்மா?"ன்னு கேக்காம எந்த வாசல்லயும் குனியல.

குயிலியா? அது ரொம்ப நாளைக்கு, கோலமாவுக்காரி தெருவுல வந்தா, அவளுக்குப் பின்னாடி யாராச்சும் வர்றாங்களான்னு எட்டி எட்டிப் பாக்கும். இவ தலையக் குனிஞ்சுக்குவா.

ம் சத்தத்தக் காணோமே. சரி, கதை இவ்ளோதான், போத்திக்கிட்டுப் படு.