திரையில் நின்ற கட்டி

ஐப்பசி மழை சற்றே விட்டிருந்த ஒரு முற்பகல், மணி பத்தரை. தென்காசியில் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் அறையில் டாக்டர் பொன்னையா தம் ஆசிரியையிடம் குறைபட்டுக்கொண்டார்.

"மூன்று மாதமாக உங்களிடம் ஸ்கேன் பார்க்கப் படிக்கிறேன், மேடம். சாதாரணக் கட்டி எது, புற்றுக்கட்டி எது என்று பிரித்தறிய ஒரு விதிகூட நீங்கள் சொல்லித் தரவில்லை."

பொன்னையா இருபது ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்தவர். ஆசிரியை செலின் அவரைவிட வயதில் இளையவர்.

"விதிகள் புத்தகத்தில் இருக்கின்றனவே, சார்."

"அவை எனக்கு மனப்பாடம்."

"பிறகென்ன குறை?"

பொன்னையா திரையைக் காட்டினார். அவர் எடுத்து நிறுத்தி வைத்த படம் அதில் இருந்தது. சினைப்பையில் ஒரு நீர்க்கட்டி. அதன் உட்சுவரில், ஒழுங்கற்ற விளிம்புடன், திடமான ஒரு திரட்சி.

"விதிப்படி இது புற்றுக்கட்டி. வியாழக்கிழமை எடுத்துவிடப் போகிறேன். கட்டியை மட்டுமல்ல, சினைப்பையையே."

கட்டிலில் படுத்திருந்த முத்துச்செல்வி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பீடி சுற்றுபவள், மணமாகி இரண்டு ஆண்டுகள். பள்ளிப் பருவத்திலேயே ஒரு சினைப்பை முறுக்கிக்கொண்டதால், அதை எடுத்துவிட்டார்கள். எஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

"இரத்த ஓட்டம் பார்த்தீர்களா?"

"ஓட்டம் இருந்தால் திரையில் நிறமாகத் தெரியுமே, திரட்சிக்குள் எதுவும் தெரியவில்லை. கருவி பழையது, மேடம்."

"கட்டியின் ஓரத்தில் தெரிந்ததா?"

"தெரிந்தது."

"ஓரத்துக்கு மட்டும் கருவி புதிதா, சார்?"

பொன்னையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தத் திரட்சி அசைந்ததா?"

"இல்லை. நீங்களே பாருங்கள்."

செலின் திரையைப் பார்த்தார்.

"படத்தை நிறுத்தியது யார்?"

"நான்தான். அளவெடுக்க."

செலின் பொத்தானை அழுத்திப் படத்தை ஓடவிட்டார். பிறகு கட்டிலின் பக்கம் திரும்பினார்.

"வலி எப்படி வந்தது, முத்துச்செல்வி?"

"பஸ்ல ஏறும்போது படார்னு வந்துச்சு, டாக்டரம்மா. அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல."

"இதைச் சாரிடம் சொன்னாயா?"

"சார் கேக்கலயே."

"சரி. இடப்பக்கமாகத் திரும்பிப் படு."

"திரும்புறதென்ன, இத எடுக்க வேண்டாம்னு சொன்னீங்கன்னா வீட்டுக்கு நடந்தே போயிருவேன்."

"திரும்பினால் போதும்."

அவள் திரும்பினாள். செலின் கருவியை மீண்டும் வயிற்றில் வைத்து, மெல்ல ஒருமுறை அழுத்தி விட்டார்.

சுவரில் ஒட்டியிருந்த திரட்சி கூழ்போல் குலுங்கியது. பிறகு சுவரை விட்டு மெதுவாக நழுவி, கட்டியின் மறுபக்கத்தில் போய்ப் படிந்தது.

"உறைந்த இரத்தம்," என்றார் பொன்னையா. தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது.

"தானாகவே கரைந்துவிடும்," என்றார் செலின். "ஆறு வாரம் கழித்து வா, முத்துச்செல்வி. மாதவிலக்கு முடிந்த கையோடு வர வேண்டும். நடுவில் வலி வந்தால் அன்றைக்கே வந்துவிடு."

"வியாழக்கெழம?"

"வியாழக்கிழமை உன் வேலையைப் பார்."

அவள் எழுந்து சேலையைச் சரிசெய்தாள். பொன்னையாவைப் பார்த்தாள். "வாரேன், சார்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கதவு சாத்திய பிறகு பொன்னையா கேட்டார்:

"அது நகராமல் இருந்து, உள்ளே நிறமும் தெரிந்திருந்தால்?"

"புற்றுநோய் மருத்துவரிடம் இன்றைக்கே அனுப்பியிருப்பேன். உங்கள் வியாழக்கிழமைக்குக் காத்திருக்க மாட்டேன்."

பொன்னையா திரையைப் பார்த்தார். அதில் இப்போது எதுவும் இல்லை.

"அடுத்தவரை வரச் சொல்லவா, மேடம்?"

"சொல்லுங்கள். நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்."

மார்கழியில் எடுத்த மறு ஸ்கேனில் கட்டி இல்லை. சினைப்பை மட்டும் இருந்தது. முத்துச்செல்வி கட்டணம் கட்டப் போனபோது, அன்று காலையிலேயே பொன்னையா அதைக் கட்டிவிட்டதாகச் சொன்னார்கள். எதற்கான பணம் என்று காசாளர் கேட்டதற்கு, பயிற்சிக் கட்டணம் என்று எழுதச் சொன்னாராம்.