அக்காவின் நரை

கம்பத்தில் ஜுலைகா டீச்சரிடம் அழகுக்கலை படித்தவர்களில் வத்சலாதான் வயதில் மூத்தவள். சேரும்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு. டீச்சருக்கு நாற்பதுகூட ஆகியிருக்கவில்லை. டீச்சர் அவளை அக்கா என்பாள். அவள் டீச்சரை டீச்சர் என்றே கூப்பிடுவாள். படிப்பு முடிந்து, வீட்டின் முன்னறையில் ஒரு கண்ணாடியும் சுழல் நாற்காலியும் போட்டு நான்கு வருடமாகிவிட்டது. இன்றைக்கும் கைக்குப் பிடிபடாத வேலை என்றால் டீச்சரிடம்தான் வந்து நிற்பாள்.

டீச்சர் அதிகம் பேசமாட்டாள். கேள்வி கேட்டால் பதிலுக்குச் சீப்பை எடுத்துக் கையில் கொடுப்பாள்.

அன்று வத்சலா வந்தபோது வகுப்பு முடிந்து பெண்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் படியிறங்கும் வரை அவள் காத்திருந்தாள்.

"டீச்சர், கறுப்பு டை அடிச்ச முடியை ஒரே நாள்ல வெள்ளையாக்க முடியுமா?"

"யாருக்கு?"

"எனக்கு."

டீச்சர் அவளுடைய பின்னலை எடுத்துப் பார்த்தாள். இடுப்புவரை தொங்கும் பின்னல். மாதம் தவறாமல் இருபது வருடம் அடித்த கறுப்பு.

"முடியாது."

"எத்தனை நாளாகும்?"

"நாலு மாசம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுக்கணும்."

"அவ்வளவு நாள் எனக்கு இல்லை டீச்சர்."

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

வத்சலாவின் அக்கா சகுந்தலா தபால் ஆபீசில் வேலை பார்த்தவள். கல்யாணம் செய்துகொள்ளாமல் அம்மாவோடேயே இருந்துவிட்டவள். கணவன் இறந்த பிறகு வத்சலாவும் அங்கேயே வந்துசேர்ந்தாள். அக்கா தங்கை இருவருக்கும் ஒரே முகம், ஒரே நடை, குரல்கூட ஒன்றுதான். அக்கா தலைக்கு எதுவும் பூசமாட்டாள். பஞ்சுபோல வெளுத்த முடியைச் சின்னக் கொண்டையாக முடிந்திருப்பாள். தெருக்காரர்கள் அதை வைத்துத்தான் அவர்களை அடையாளம் கண்டார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன சகுந்தலா உயிரோடு திரும்பவில்லை. அம்மா ரெங்கம்மாளுக்கு எண்பத்து நான்கு வயது. கொஞ்ச காலமாகவே நினைவு தப்பிக்கொண்டிருந்தது. மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தவள், மறுநாள் காலையில் காபி டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"பெரியவ எங்கடி?"

வத்சலா உண்மையைச் சொன்னாள். அம்மா அப்போதுதான் கேள்விப்படுகிறவள் மாதிரி தரையில் விழுந்து அழுதாள். மதியத்துக்குள் மறந்துபோனாள். சாயங்காலம் மறுபடியும் கேட்டாள். இப்படியே தினமும் நடந்தது. இரண்டு மாதத்தில் அம்மா அந்த ஒரு மகளையே நூறு தடவை சாகக் கொடுத்துவிட்டாள்.

பொய்யும் சொல்லிப் பார்த்தாயிற்று. பேங்குக்குப் போயிருக்கிறாள் என்றால் அம்மா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். ஒரு நாள் மயங்கி விழுந்து நெற்றியில் அடிபட்டது.

"என் தலை வெளுத்திருந்தா போதும் டீச்சர். அக்கா வந்துட்டான்னு நினைச்சுக்குவா. அழ மாட்டா."

டீச்சர் பின்னலின் நுனியை விரலால் உருவிப் பார்த்தாள்.

"பிடரியில ஒரு கொத்து முடி எடுத்து, அதுல மட்டும் ப்ளீச் போட்டுப் பாருங்க. பார்த்துட்டு வாங்க."

வத்சலாவால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் அம்மா சாப்பிட்டுப் படுத்ததும் ப்ளீச் பவுடரில் டெவலப்பர் திரவத்தை ஊற்றிக் குழைத்துத் தலை முழுக்கப் பூசிக்கொண்டாள். பத்து நிமிடத்தில் வேர்ப்பக்கம் வெளுத்துவிட்டது. கீழே தொங்கிய முடி மட்டும் கருஞ்சிவப்பாகி, பிறகு துருப்பிடித்த தகரத்தின் நிறத்துக்கு வந்து அங்கேயே நின்றுகொண்டது. அலசிவிட்டு, ஈரம் காயும் முன் இரண்டாம் முறையும் பூசினாள். மண்டை தீயாக எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அலசும்போது முடி சூயிங்கம்போல நீண்டு நீண்டு, கையோடு வந்தது.

சத்தம் கேட்டு எழுந்து வந்த அம்மா குளியலறை வாசலில் நின்றாள். ஆரஞ்சு நிறத் தலையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். சுவரோடு ஒட்டி ஒதுங்கிக்கொண்டாள்.

"யாரும்மா நீ? எங்க வீட்டுல உனக்கு என்ன வேலை?"

வத்சலா போன் செய்த அரைமணி நேரத்தில் டீச்சர் ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். திட்டவில்லை.

"எரியுதா?"

"எரியுது."

டீச்சர் குளிர்ந்த தண்ணீரால் அவள் தலையை நிதானமாக அலசினாள். தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள். கருகிய முடியெல்லாம் போய்த் தோள்வரைதான் மிஞ்சியது. வத்சலா தரையில் கிடந்ததைக் குனிந்து பார்க்கவே இல்லை.

"இனி நான் வந்து செய்யறேன். நீங்க கை வைக்காதீங்க."

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை டீச்சர் அந்த வீட்டுக்கு வந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பகுதியாகக் கொஞ்சம் நிறம் இறக்குவாள். பிறகு எண்ணெய், அப்புறம் ஓய்வு. ஆரஞ்சு மஞ்சளானது. வயலட் ஷாம்பூ போட்டு அலச அலச மஞ்சளும் அடங்கியது. வேரிலிருந்து வத்சலாவின் சொந்த நரையும் ஏறி வந்துகொண்டிருந்தது. அவள் அதை முப்பத்தாறு வயதுக்குப் பிறகு பார்த்ததே இல்லை.

ஒரு நாள் வேலைக்கு நடுவில் டீச்சர் கேட்டாள்.

"நீங்க அக்காவாயிட்டா, அப்புறம்?"

"அம்மா நிம்மதியா இருப்பா."

டீச்சர் அடுத்த பகுதி முடியைப் பிரித்து எடுத்தாள்.

நான்காவது மாதத்தில் ஒரு காலை, வத்சலா அக்காவின் சுங்குடிச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். சின்னக் கொண்டை போட்டாள். காபியைக் கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். அம்மா தலைதூக்கிப் பார்த்தாள். டம்ளரை வாங்கவில்லை. இரண்டு கைகளாலும் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டியா பெரியவளே. எங்கடி போயிட்ட இத்தனை நாளா?"

"இங்கதாம்மா. வேலை."

"இனிமே சொல்லிட்டுப் போ."

அந்த வீட்டில் ஒன்பது நாள் அழுகைச் சத்தம் கேட்கவில்லை. அம்மா கதை பேசினாள், சிரித்தாள், பெரியவள் மடியில் காலை நீட்டிக்கொண்டு நகம் வெட்டிக்கொண்டாள். வத்சலா மட்டும் கொல்லைப்புறக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதுவிட்டு வந்தாள். அக்காவுக்காக அவள் அழுதது அப்போதுதான். அதுவரை அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

பத்தாம் நாள் அம்மா கேட்டாள்.

"பாப்பா எங்கடி?"

வத்சலாவை அம்மா பாப்பா என்றுதான் கூப்பிடுவாள், ஐம்பத்தாறு வயதிலும்.

"நான்தாம்மா பாப்பா. இங்கதானே இருக்கேன்."

அம்மா அவள் தலையைப் பார்த்துச் சிரித்தாள். "போடி. அவளுக்குக் கறுகறுன்னு முடி. இடுப்பைத் தொடும்."

சாயங்காலம் மறுபடியும் கேட்டாள். ராஜபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள் என்று வத்சலா சொல்லிவைத்தாள். மறுநாள் காலையில் அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கும் மறுநாள் அவளைக் கிட்டே கூப்பிட்டு, மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"பெரியவளே, உண்மையைச் சொல்லு. பாப்பா செத்துப்போயிட்டாளா? என்கிட்ட மறைக்கிறீங்களா?"

"இல்லம்மா."

"உன் முகமே சொல்லுதே."

அம்மா மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். என் கடைக்குட்டியே, வீட்டுக்குத் திரும்பி வந்தவளை நான் உட்காரவைத்து ஒரு வாய் நல்ல வார்த்தை சொல்லலையே என்று ராகம் இழுத்து அழுதாள். தன் சாவுக்குத் தன் அம்மா அழுவதை, அக்காவின் சேலையில் நின்று வத்சலா கேட்டாள்.

டீச்சர் வந்தபோது அவள் முன்னறையில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு முதுகு காட்டி.

"திரும்பவும் கறுப்பே அடிச்சுக்கட்டுமா டீச்சர்?"

"அடிக்கலாம்."

"அடிச்சா பெரியவ எங்கன்னு கேப்பா."

"கேப்பாங்க."

"ரெண்டு பேரும் வேணும்னா நான் எங்கே போவேன்? என்ன பதில் சொல்லட்டும்?"

டீச்சர் சுவரில் மாட்டியிருந்த சீப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வத்சலா எழுந்து வந்து கதவுக்கு வெளியே நின்றாள்.

டீச்சர் கட்டிலில் அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவிழ்ந்து கிடந்த முடியைப் பிரித்துச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

"யாரு?" என்றாள் அம்மா.

"தலை வார வந்திருக்கேம்மா."

"என் பாப்பா போயிட்டாம்மா."

டீச்சர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"உங்க பாப்பா எப்படி இருப்பா?"

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"வீம்புக்காரி. பசிச்சாலும் சொல்ல மாட்டா. இளநரைம்மா அவளுக்கு. ஒருநாள் நான் வாய் தவறிச் சொல்லிட்டேன், அக்காவைவிட நீதான்டி கிழவியாத் தெரியறேன்னு. மறுநாளே சாயம் பூசிக்கிட்டா. அதிலேருந்து விடவே இல்லை. நான் சும்மா சொன்னது. நரைச்சா அவளும் அழகாத்தான் இருந்திருப்பா."

கதவுக்கு வெளியே வத்சலா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"பெரியவ?" என்று கேட்டாள் டீச்சர்.

"அவ எதுவுமே கேக்க மாட்டா. ஒரு சேலை வேணும்னுகூடக் கேட்டதில்லை. கேக்காமலே போயிட்டா."

சீப்பு ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் வாரியது. அம்மா நிறையச் சொன்னாள். எந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறாள் என்று சில இடங்களில் அவளுக்கே தெரியவில்லை. சொல்லச் சொல்ல அழுகை மெல்ல அடங்கியது. டீச்சர் முடியைச் சேர்த்துக் கொண்டை போட்டுவிட்டாள்.

"வயிறு காந்துது," என்றாள் அம்மா.

டீச்சர் வெளியே வந்து கதவை ஒருக்களித்தாள். வத்சலாவின் முகம் நனைந்திருந்தது. வெள்ளை முடி இரண்டு மூன்று கன்னத்தில் ஒட்டிக்கிடந்தது.

"நான் இப்ப யாரா உள்ளே போகட்டும் டீச்சர்?"

டீச்சர் சீப்பில் சுற்றியிருந்த முடியை எடுத்து உருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"யாரா வேணும்னாலும் போங்க அக்கா. சோத்தைக் கொஞ்சம் குழையப் பிசைஞ்சு எடுத்துட்டுப் போங்க. அழுத தொண்டை, இறங்காது."