பல்லை உடைத்த கேக்

பூவலூர் அரண்மனையில் கேக் அலங்கரிப்பவள் தில்லையம்மை. ராஜா காலத்தில் ஏது கேக் என்று கேட்காதீர்கள். இருந்தது, அவ்வளவுதான்.

இளவரசியின் பிறந்தநாள் நெருங்கியது. தில்லையம்மை வட்டமாக அறுத்த மரக்கட்டையில் பழகிக்கொண்டிருந்தாள். ஃபாண்டன்ட் என்கிற சர்க்கரை மாவைச் சப்பாத்தி மாதிரி தேய்த்து, கட்டைமேல் போர்த்தி, சுருக்கமில்லாமல் நீவி, ரோஜாப்பூ ஒட்டுவாள். பிடிக்கவில்லையா, உரித்தெடுத்துப் பிசைந்து மறுபடி தேய்ப்பாள். அடுப்பே மூட்ட வேண்டாம்.

சமையல் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் உக்கிராண அதிகாரி குப்பாண்டியாருக்கு இது தெரியாது. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு கடி கடித்தார்.

முன்பல் போயிற்று.

பல்லைக் கையில் ஏந்திக்கொண்டு, தில்லையம்மையையும் கூட்டிக்கொண்டு நேரே சபைக்கு வந்தார். "மோசடி மகாராஜா! கேக் என்று சொல்லிக் கட்டையை வைத்திருக்கிறாள்!"

"அதை நீர் ஏன் கடித்தீர்?" என்றார் மன்னர் நெடுமார்பர்.

"விஷம் இருக்கிறதா என்று பார்த்தேன்."

மன்னர் நம்பினார். அவர் எதையும் நம்புவார். "என் அரண்மனையில் போலியா? இனி யார் எதைப் பழகினாலும் அசலில்தான் பழக வேண்டும். இவள் நாளைக்கே ஊரைவிட்டுப் போகட்டும்!"

தில்லையம்மைக்கு வேறு ஊரே கிடையாது.

சபையின் மதியூகி சாத்தப்பனுக்கோ பசி. சபை சீக்கிரம் முடிந்தால் சாப்பிடப் போகலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டான். எழுந்தான்.

"மகாராஜா, இந்த ஆணை எல்லோருக்குமா?"

"எல்லோருக்கும்தான். எனக்கும் சேர்த்து!"

"நல்லது" என்று உட்கார்ந்துவிட்டான்.

"என்ன சாத்தப்பா, வாயடைத்துப் போச்சா?" என்றார் குப்பாண்டியார்.

"உங்களுக்குத்தான் திறந்து கிடக்கிறதே ஐயா."

மறுநாள் காலை மன்னர் வாள் பழக வந்தார். தினமும் அங்கே ஒரு வாழைமரம் நட்டிருப்பார்கள். கத்திக்கொண்டே ஓடிவந்து ஒரே வெட்டில் சாய்ப்பார். இன்று வாழைமரத்தைக் காணோம். அந்தக் குழிக்குள் குப்பாண்டியார் நின்றிருந்தார். இரண்டு பக்கமும் காவலர்கள்.

"என்ன இது?"

"அசல், மகாராஜா" என்றான் சாத்தப்பன், சிரிக்காமல். "வாழைமரம் போலி எதிரி. ஆணைப்படி ஆள் வேண்டும். ஆணை பிறக்கக் காரணமே இவர்தான், அதனால் இவருக்கே முதல் மரியாதை. ஐயா, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளுங்கள், மன்னருக்கு வலக்கைப் பழக்கம்."

"மகாராஜா, கட்டையே போதும்!" என்று அலறினார் குப்பாண்டியார். "கட்டையில் பழகினால்தான் கலை வளரும்! அவள் இங்கேயே இருக்கட்டும்!"

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆணை ரத்து, தில்லையம்மை போக வேண்டியதில்லை என்றார். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டார்.

"அது சரி, நான் நிஜமாகவே வெட்டியிருந்தால் என்ன செய்திருப்பாய்?"

"அந்தப் பயமே இல்லை மகாராஜா. வாழைமரத்தை முக்கால்வாசி அறுத்துவிட்டுத்தான் தினமும் நடுகிறோம். இவரை அப்படி எதுவும் செய்யவில்லை."