சுவரேறும் தொபியாஸ்

"தாயே, இந்த அநியாயத்தை நீங்கதான் கேக்கணும்."

தொபியாஸ் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினார். இரண்டிலும் துணிக்கட்டு.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"கல்லறைத் தோட்டத்துச் சுவர் மேல கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்கானுவ. எம் பொண்டாட்டி பிலோமியைப் பாக்கப் போன மனுஷனுக்கு இந்தக் கதி."

சிசிலியம்மா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். கடற்கரைக்கு மேலே தேரி மணல் மேட்டில், யாரும் பூசை வைக்காத பழைய குருசடிக் கோயிலில் தனியாக இருக்கிறவள். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ஆனாலும் மீன்பிடி லாஞ்சு ஓட்டியே நரைத்துப்போன தொபியாஸ் மாதிரி ஆட்கள்கூட அவளைத் தாயே என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சொன்னால் பங்குக் கமிட்டி கேட்கும், சாமியாரும் கேட்பார். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் அந்தக் கரையில் குறைவு.

"சுவர்ல ஏன் ஏறுனீங்க? கதவு எதுக்கு இருக்கு?"

"சாயங்காலம் மட்டுந்தானே தாயே தொறக்கானுவ. மத்த நேரமெல்லாம் பூட்டு. உள்ள ஆடு மேயுதாம், பயலுவ சீட்டாடுதானுவளாம்."

"உங்க லாஞ்சு எப்ப கரைக்கு வரும்?"

"மத்தியானம்."

"அப்ப சாயங்காலம் சும்மாதான இருக்கீங்க."

தொபியாஸ் வானத்தைப் பார்த்தார்.

"சாயங்காலம் கூட்டம் தாயே. பிலோமி கூட நிம்மதியா ரெண்டு வார்த்தை பேச முடியுமா? ஒருத்தன் துக்கம் விசாரிப்பான், இன்னொருத்தன் டீசல் விலை கேப்பான். பாசம் இருக்கவன் நேரமா பாப்பான்? நான் பூட்டுன கதவைத் தாண்டிப் போறவன். என்னை மாதிரி ஒருத்தன் இந்தக் கரையில உண்டா?"

இதைச் சொல்லும்போது மனுஷருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. நிமிரட்டுமே, பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது அவருக்கு.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"கமிட்டியில சொல்லி எனக்கு ஒரு சாவி வாங்கித் தாங்க. பூட்டுன நேரத்துல நான் பாட்டுக்குப் போயிட்டு வாரேன். ஒருத்தருக்கும் தொந்தரவு இல்ல."

"நாளைக்குச் சாயங்காலம் தோட்டத்துக்கு வாங்க."

"சாயங்காலமா?"

"சாவி வேணுமா, வேண்டாமா?"

வந்தார்.

கதவு விரியத் திறந்து கிடந்தது. காவல்காரர் கித்தேரியான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். சிசிலியம்மா கதவைத் தாண்டிப் போய் வெளிச்சுவரோரம் நின்றாள்.

"ஏறுங்க அண்ணாச்சி."

"எதுக்கு தாயே? கதவு தொறந்துதானே கிடக்கு."

"அப்ப கதவு வழியாப் போங்க."

தொபியாஸ் கதவைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கால் எந்தப் பக்கமும் நகரவில்லை.

"பூட்டுன கதவைத் தாண்டுற மனுஷன், தொறந்த கதவுக்கு இப்படி முழிச்சா எப்படி?"

கித்தேரியான் வாய்விட்டுச் சிரித்தார்.

"சிரிக்காதவே!" என்று தொபியாஸ் பாய்ந்தார். பாய்ந்த வேகத்திலேயே குரல் உடைந்துவிட்டது. "உள்ள எம் மவ இருக்கா தாயே."

ஊருக்கே தெரிந்த கதைதான். அவர் மகள் செலஸ்தீனா அப்பா பேச்சை மீறித் தனக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போனவள். தாய் இறந்த அன்று பஸ்ஸில் வந்துகொண்டே இருந்தாள். போன் மேல் போன். கொஞ்சம் பொறுங்கப்பா, முகத்தை ஒரு தடவை பாத்துக்கிடுதேன் என்று கதறினாள். தொபியாஸ் பொறுக்கவில்லை. "பெட்டியை மூடுங்க" என்றுவிட்டார்.

அவள் ஓடிவந்து சேர்வதற்குள் ஆளாளுக்கு ஒரு பிடி மண் போட்டு முடித்து, மேடு கட்டிக் குருசும் நட்டாயிற்று. அவள் தன் பிடி மண்ணை அந்த மேட்டின் மேல் போட்டாள். அப்பா பக்கம் திரும்பவே இல்லை. பிறகு இதே ஊர்க் கான்வென்டில் டீச்சர் வேலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் தாயின் கல்லறைதான். கடைசி ஆளாகத்தான் வெளியே வருவாள்.

"அவ முகத்துல எப்படி தாயே முழிப்பேன்? அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா. அதைக்கூட நான் குடுக்கலையே."

"பிலோமியக்காகிட்ட இதைச் சொன்னீங்களா?"

தொபியாஸ் துணிக்கட்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல தாயே. சுவரேறிக் குதிச்சுப் போய், மீன்பாடு நல்லாருக்கு, வலை கிழிஞ்சுபோச்சுன்னு அதையே சுத்திச் சுத்திப் பேசிட்டு வந்துருதேன். இதுக்கு மட்டும் வாய் வரமாட்டேங்குது."

கித்தேரியான் எழுந்து, கதவு பூட்டப்போகிற மணியை அடித்தார். உள்ளேயிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். தொபியாஸ் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். சிசிலியம்மா அவர் கையைப் பிடித்துக் கதவடிக்கு இழுத்துவந்தாள்.

"பூட்டுற நேரம் ஆயிட்டு. இனி உங்க நேரம். போங்க."

"அவ இன்னும் வெளிய வரலையே தாயே!"

ஆட்டைப் பட்டிக்குள் தள்ளுகிற மாதிரி முதுகில் கைவைத்து ஒரே தள்ளு. தொபியாஸ் உள்ளே போய் விழாத குறை. கதவைச் சாத்தி, கித்தேரியான் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி அவளே பூட்டினாள்.

"தாயே! என்ன வேலை இது! உள்ள ஆள் இருக்கு!" என்று தொபியாஸ் உள்ளேயிருந்து கத்தினார்.

"இருக்கட்டும். பூட்டுன நேரத்துல உள்ள இருக்கணும்னுதான கேட்டீங்க?"

சாவியைக் கித்தேரியான் கையில் கொடுத்துவிட்டு, வெளியே மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளேயிருந்து செலஸ்தீனாவின் குரல் கேட்டது. "கித்தேரியண்ணே! பூட்டிட்டீங்களா? நான் இன்னும் வெளிய வரல!" ஓடிவருகிற சத்தம். பாதி வழியில் அது சட்டென்று நின்றுபோனது.

பிறகு கடல் இரைச்சல் மட்டும்தான். வெளிச்சம் மங்கிக்கொண்டே போனது. கித்தேரியானுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நான் எப்பதான் தொறக்கட்டும் தாயே?"

"கூப்பிடும்போது தொறங்க."

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து தொபியாஸின் குரல் வந்தது. அழுகையும் கூச்சலுமாக, என்ன வார்த்தை என்றே பிடிபடாத ஒரு கத்தல்.

கித்தேரியான் சாவியோடு துள்ளி எழுந்தார்.

"உக்காருங்க அண்ணே."

"மனுஷன் இப்படிக் கூப்பிடுதாரே தாயே!"

"உங்களை இல்ல. உள்ள இருக்கவங்களை."