சமத்து நரம்பு

குணசீலனுக்கு வயது ஐம்பத்து மூன்று, எஸ்தர் சிஸ்டருக்கு முப்பத்தைந்து. ஆனாலும் எஸ்தர்தான் குரு, குணசீலன் சீடர். குழந்தைகள் வார்டில் எந்தப் பிஞ்சுக் கையிலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவார் எஸ்தர். நரம்பைக் காட்டும் கருவி ஒன்றைச் செய்தே தீருவேன் என்று வேலையை உதறிவிட்டு வந்த எஞ்சினியர் குணசீலன், ஆறு மாதமாக அந்த வார்டே கதியென்று கிடந்தார்.

எஸ்தரின் விரல் எங்கே அழுத்துகிறது, எவ்வளவு நேரம் அழுத்துகிறது, எல்லாம் அவருடைய நோட்டில் இருந்தது. ஊசி போடுமுன் எஸ்தர் குழந்தைகளோடு குசுகுசுவென்று பேசுவதை மட்டும் எழுதவில்லை. அது சும்மா போக்குக் காட்ட என்று நினைத்துவிட்டார். படித்த மனிதர், அப்படித்தான் நினைப்பார்.

கருவி தயாரான அன்று நஸ்ரின் வந்திருந்தாள். ஒன்பது வயது. மாதம் தவறாமல் ரத்தம் ஏற்ற வேண்டிய குழந்தை. காலையில் வேறொரு நர்ஸ் இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. ரத்தப் பை ஸ்டாண்டில் காத்திருந்தது.

"இன்னும் ஒரு தடவைதான். அப்புறம் கையைத் தர மாட்டேன்" என்று விசும்பினாள் நஸ்ரின்.

"ஒரே தடவைதான் கண்ணு. சத்தியம்" என்றார் எஸ்தர்.

குணசீலன் கருவியை அவள் கைமேல் பிடித்தார். சின்னத் திரையில் நரம்புகள் கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தன.

"எதுல குத்தட்டும் சார்?"

"இதுல சிஸ்டர். இதுதான் இருக்கறதுலயே பெருசு."

எஸ்தர் ஊசியை எடுக்கவில்லை. திரையைப் பிடித்து நஸ்ரின் பக்கம் திருப்பினார்.

நஸ்ரினின் அழுகை பாதியில் நின்றது. "இதெல்லாம் என்னோடதா சிஸ்டர்?"

"பின்னே, என்னோடதா? சொல்லு, எது?"

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அங்கிள் சொன்னது வேணாம். அது பார்க்கத்தான் பெருசு, ஊசி பட்டா நழுவிடும். போன வருஷம் மூணு பேர் குத்திப் பார்த்தாங்க." கட்டைவிரல் பக்கம் மெலிந்து கிடந்த ஒரு கோட்டைத் தொட்டாள். "இது சமத்து."

எஸ்தர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்து ஊசியைச் செலுத்தினார். ரத்தம் தெரிந்தது. நஸ்ரின் "ஸ்ஸ்" என்றாள். அவ்வளவுதான்.

குணசீலனுக்குச் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

"ஆஸ்பத்திரியே உங்களுக்குக் கைராசின்னு சொல்லுது சிஸ்டர். அதைத்தான் இந்தப் பெட்டிக்குள்ள கொண்டுவரப் பார்த்தேன். எங்கே கோட்டை விட்டேன்?"

எஸ்தர் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டே சிரித்தார்.

"என் கைக்கு ஏது சார் ராசி? எங்கே குத்தணும்னு இந்தப் பிள்ளைங்ககிட்டதானே தினமும் கேட்டுக்கறேன்."