மரமாய் நின்ற மாப்பிள்ளை

மூளைக்கு வரி போட்டாலும் கவலைப்படாத ஊர் ஒன்று மலைமேல் இருந்தது. அந்த ஊரில் அண்ணன் தம்பி மூன்று பேர்: சென்னியப்பன், மாரப்பன், காரியான். மூத்தவனுக்குப் பக்கத்து ஊர் செவந்தியைக் கட்டிக்கொள்ள ஆசை.

செவந்தியின் அப்பா நஞ்சப்பனுக்குத் தூண்டில்தான் உயிர். பங்குனி பிறந்து காட்டுப் பூவரசு பூத்தால் போதும், மனுஷன் வீடு தங்கமாட்டார். இறகில் பொய் ஈ கட்டி, ஓடையில் வீசி, டிரவுட் மீனை ஏமாற்றிப் பிடிப்பதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

"பொண்ணுக்குத் தோஷம் இருக்கு. முதல்ல வாழை மரத்துக்குக் கட்டிவெச்சு, அந்த மரத்தை வெட்டிட்டுத்தான் மாப்பிள்ளைக்குக் குடுப்பேன். அதுவும் பொழுது சாயறதுக்குள்ள நீ ஒரு டிரவுட் பிடிச்சாத்தான். கரையில மரம் மாதிரி நில்லு. ஈ நிஜம்னு மீன் நம்பணும். அவ்வளவுதான்" என்றார், பெண் கேட்டு வந்த சென்னியப்பனிடம்.

மூவரும் ஓடைக்குப் போனார்கள்.

"வெல்லத்துல உக்காந்தாத்தானே அது ஈ?" என்றான் மாரப்பன். பொய் ஈக்கு வெல்லம் பூசினார்கள். நிஜ ஈக்கள் வந்து மொய்த்தன.

"சூ! சூ! நீங்க நின்னா எங்க ஈயை மீன் எப்படிடா கண்டுபிடிக்கும்?" என்று காரியான் துண்டை வீசி எல்லாவற்றையும் விரட்டினான்.

சென்னியப்பன் தலையில் தழை கட்டி, தூண்டிலை நீட்டி, மரமாக நின்றான். சற்று நேரத்தில் தூண்டில் வில்லாக வளைந்தது.

"இழு அண்ணே!"

அண்ணன் அசையவில்லை.

"எந்த மரம்டா மீனை இழுத்திருக்கு?" என்றான் மாரப்பன். காரியானுக்கும் அது நியாயமாகப் பட்டது. மூவரும் மீன் துள்ளுவதை ரசித்தார்கள்.

சோறு கொண்டுவந்த செவந்தி பதறிப்போனாள். "அட கூறுகெட்டதுகளா!" என்று கூடையைப் போட்டுவிட்டு, தூண்டிலைப் பிடுங்கி, மீனைக் கரையேற்றினாள்.

"ஏன்டி, இவன்தான் வேணுமா?" என்றார் பின்னாலேயே வந்த நஞ்சப்பன்.

"எதிர்த்து ஒரு வார்த்தை பேசுறாரா பாருங்கப்பா. எனக்கு இவரே போதும்."

நஞ்சப்பனும் பார்த்தார். மூக்கில் ஈ உட்கார்ந்தும் ஆள் அசையவில்லை. தூண்டிலுக்கு இப்படியொரு துணை கிடைக்குமா? மகள் மனசு மாறுவதற்குள் முடித்துவிடலாம் என்று, வாழை மரத்துக்கென்று மடியில் முடிந்து வைத்திருந்த தாலியை எடுத்தார். மாப்பிள்ளையின் கை வளையவில்லை. கிளையை வளைப்பதுபோல் வளைத்து, அங்கேயே முடிச்சுப் போடவைத்தார்.

மாரப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மரத்தோட கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. காரியா, அரிவாளை எடு."

அரிவாளைக் கண்டதும் மரம் எடுத்தது ஓட்டம்! தழையெல்லாம் உதிர்ந்து, அடுத்த மேட்டில் மூச்சு வாங்க நின்ற சென்னியப்பனைத் தம்பிகள் எட்டிப் பிடித்தார்கள்.

"அண்ணே, மரம் ஓடிப்போச்சு! அதை வெட்டாம உனக்கு எப்படிக் கல்யாணம்?"

சென்னியப்பன் கையை நீட்டினான்.

"அரிவாளை இங்க குடுடா. என் பொண்டாட்டிக்குத் தாலி கட்டின மரத்தைச் சும்மா விடுவேனா?" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் ஓடினான்.