வச்சிருக்கவா, எடுத்துரவா

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. கல்யாணக் கதைதான் சொல்லப் போறேன். ஆனால் இதில் கல்யாணம் நடக்காது. அப்புறம் பந்தி எங்கே, பாயசம் எங்கே என்று என்னைக் கேட்கக் கூடாது.

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில், கனியம்மாள் திருமணத் தகவல் மையம் வைத்திருந்தாள். வயது நாற்பது. வரன் பார்க்கிற தொழிலில் அவள் குரு. அவளிடம் தொழில் படிக்க வந்த சீடருக்கு வயது ஐம்பத்தாறு. பேர் பலவேசம். காய்கறி மண்டியில் தராசு பிடித்தவர். மண்டியை மூடிவிட்டார்கள், இங்கே வந்துவிட்டார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளைத் தங்கச்சி என்பார். ஆனாலும் அவள் சொல்லாமல் அவர் உட்கார மாட்டார்.

மையத்தின் மொத்தச் சொத்தும் ஒரு லேப்டாப். விலை குறைந்தது. அப்பளக் கட்டு மாதிரி ஒற்றைக் கையில் தூக்கலாம். தூக்கத்தான் லேசு, உள்ளே இடம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குள் பன்னிரண்டு வருஷத்துப் பெண்களும் மாப்பிள்ளைகளும் நெருக்கியடித்து இருந்தார்கள். ஆளுக்கு ஆறு படம், ஜாதகம், இப்போது புதுப் பழக்கமாக நடந்து வந்து வணக்கம் சொல்கிற வீடியோ வேறு.

ஒரு நாள் ஒரு தாய் தன் மகளின் படங்களோடு வந்தாள். பலவேசம் ஏற்றினார். லேப்டாப் ஏற்கவில்லை. இடமில்லை என்று சிவப்புக் கோடு காட்டியது.

"நாளைக்கு வாங்கம்மா."

"நாளைக்கு அஷ்டமி. எங்க முறை வரும்போது எப்பவும் இப்படித்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா படியிறங்கிப் போனாள்.

பலவேசத்துக்குச் சங்கடமாகப் போயிற்று. கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் வழி கேட்டு வந்தார். குப்பைத்தொட்டி என்று ஒன்று உள்ளே இருந்தது, அதைக் காலி செய்தார். ஒரே படம் மூன்று தடவை இறங்கியிருந்தது, இரண்டை நீக்கினார். யாரும் ஆடாத சீட்டாட்டம் ஒன்று கிடந்தது, அதையும் கழற்றினார். சிவப்புக் கோடு நீலமானது. சாயங்காலம் நாலு வரன் வந்தது. மறுபடியும் சிவப்பு.

"வெளிய தனியா ஒரு பெட்டி வாங்கி மாட்டிக்கிடலாமாம் தங்கச்சி."

"அதுவும் நிறைஞ்சா?"

"இன்னொண்ணு."

"உங்க மண்டியில தக்காளி வித்த பிறகும் கூடையை அடுக்கிக்கிட்டே போவீங்களா அண்ணாச்சி?"

பலவேசம் யோசித்தார். மண்டியில் பழைய சரக்குத்தான் முதலில் வெளியே போகும். பேர்களைத் தேதிவாரியாக அடுக்கினார். அடியில் கிடந்த நாற்பது பேரை மொத்தமாகப் பிடித்து, அழிக்கிற பொத்தான் மேல் விரலை வைத்தார்.

"யாரு அவங்க?" என்றாள் கனியம்மாள்.

"பழசு."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"தெரியலையே."

"அப்ப பழசுன்னு எப்படிச் சொல்லுதீங்க? ரொம்ப நேரமா நிக்கிறவங்களா இருக்கும்."

பலவேசம் விரலை எடுத்துக்கொண்டார்.

அந்த நாற்பதில் ஒரு பேரை அவருக்கு நன்றாகத் தெரியும். குழல்வாய்மொழி. பதினோரு வருஷமாக உள்ளே இருக்கிறாள். வந்தபோது முப்பது, இப்போது நாற்பத்தொன்று. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. அவள் அப்பா ஆறுமுகநயினார், டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளிக்கிழமை தவறாமல் மாடியேறி வருவார். நாற்காலியின் நுனியில் உட்காருவார்.

"இருக்கா?"

"இருக்கு ஐயா."

திறந்து காட்டச் சொல்லி, மகளின் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கோயிலுக்குப் போய் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வருகிற மாதிரி. படம் இல்லையென்றால் பெத்தவன் கடமையில் தவறிவிட்டான் என்று ஊர் சொல்லும் என்பது அவர் பயம்.

போன வாரம் குழல்வாய்மொழியும் வந்திருந்தாள். அப்பாவுக்குத் தெரியாமல். உட்காரவில்லை.

"என் படத்தை எடுத்திருங்கக்கா."

"ஏன்?"

"எனக்கு வேலை இருக்கு. வீடு இருக்கு. நிம்மதியாத்தான் இருக்கேன். பார்க்க ஆளு வருதுன்னு ஒரு பேச்சு எழும்பினா அப்பா வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பிச்சிருதாரு. வந்தவங்க பஜ்ஜியைத் தின்னுட்டு, போன் பண்ணுதோம்னு போயிருதாங்க. அவரு ஒரு மாசம் போனையே பார்த்துக்கிட்டு இருக்காரு. என்னால அதைப் பார்க்க முடியலை."

"இதை அப்பாகிட்ட சொன்னியாம்மா?"

"அவரு என்னைக் கேட்டாத்தானே? பதினோரு வருஷத்துல ஊரையெல்லாம் கேட்டிருக்காரு. என்னைக் கேட்டதில்லை."

இது அத்தனையும் பலவேசத்துக்குத் தெரியும். அதனால் இப்போது குருவிடம் கேட்டார்.

"தங்கச்சி, மக எடுன்னு சொல்லுதா. அப்பா எடுக்காதேங்காரு. லேப்டாப் இடமில்லைங்குது. நான் யார் பேச்சைக் கேக்க?"

கனியம்மாள் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாள்.

"தேதிவாரியா இருக்கிறதைப் பேர்வாரியா அடுக்குங்க. ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, வச்சிருக்கவா எடுத்துரவான்னு கேக்கணும். பெத்தவங்களுக்குப் போடக் கூடாது. படத்துல இருக்கிறவங்களுக்கே போடணும்."

"ஆயிரம் பேருக்கும் மேல இருக்காங்களே. எனக்குப் போன்ல பேச வராதே. மண்டியில கத்தியே பழக்கம்."

"நீங்க நம்பரை வாசிங்க. பேசுறதுக்கு நாளைக்கு ஆளு வரும்" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு ஆறுமுகநயினார் குடையோடு வந்தார்.

"இருக்கா?"

"இருக்கு ஐயா. ஆனா ஒரு சங்கடம். இடம் நெருக்குது. ஒரு மகராசி பிள்ளை படத்தை வாங்க முடியாம திருப்பி அனுப்பிட்டோம். கூட இருந்து கொஞ்சம் போன் பேசிக் கொடுக்கணும். உங்க குரல் மாதிரி எங்களுக்கு வாய்க்காது" என்றாள் கனியம்மாள்.

பெரியவர் நிமிர்ந்தார். முப்பத்துநாலு வருஷம் எக்சேஞ்சில் இருந்தவரைப் பார்த்து, குரல் வேண்டும் என்று யாராவது கேட்டு எத்தனை காலம் ஆயிற்றோ. குடையைச் சுவரில் சாய்த்தார். சட்டைக் கையை மடக்கினார்.

"கேள்வி என்ன?"

"வச்சிருக்கவா, எடுத்துரவா. அவ்வளவுதான். அவங்க சொல்லுததுதான் முடிவு. நாம புத்தி சொல்லக் கூடாது."

"லைன்ல இருக்கிறவன் புத்தி சொல்லுததே தப்பு" என்றார் ஆறுமுகநயினார்.

பலவேசம் நம்பரை வாசித்தார். பெரியவர் அழுத்தினார். பதில் எல்லோருக்கும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

முதலில் ஓர் ஆண் குரல். "எனக்குக் கல்யாணமாகி மூணு பிள்ளைங்க சார். இன்னுமா என் படம் அங்க இருக்கு? அதுல மீசை இருக்கா இல்லையா?"

பலவேசம் பார்த்துவிட்டு, "இல்லை" என்றார்.

"எடுத்திருங்க சார், உடனே எடுத்திருங்க. என் வீட்டுக்காரி அதைப் பார்த்துட்டா ஆயுசுக்கும் விட மாட்டா."

அடுத்தது ஒரு பெண். "அந்தப் பச்சைச் சேலைப் படமா? சிரி சிரின்னு அத்தை இடுப்புல கிள்ளிக்கிட்டே எடுத்த படம் அது. எடுத்திருங்க. நல்லா இருப்பீங்க."

ஒருத்தர் மட்டும், "இருக்கட்டும் சார், எனக்கு இப்பத்தான் மனசு வந்திருக்கு" என்றார். வைத்துக்கொண்டார்கள்.

ஒருத்தி கேள்வியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அப்புறம், "இப்படிக் கேட்டு யாராவது போன் பண்ணுவாங்கன்னு நினைக்கவே இல்லை. எடுத்திருங்கய்யா" என்றாள்.

பலவேசம் அழித்துக்கொண்டே வந்தார். உச்சிப் பொழுதுக்குள் கோடு நீலத்துக்கு வந்துவிட்டது. திருப்பி அனுப்பிய அம்மாவைக் கூப்பிட்டு, வாட்ஸப்பில் படங்களை வாங்கி ஏற்றினார்கள். "அஷ்டமி பரவாயில்லையாம்மா?" என்று பலவேசம் கேட்டார். "இடம் கிடைச்ச பிறகு என்ன அஷ்டமி" என்றாள் அந்த அம்மா.

ஆறுமுகநயினார் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"ஒண்ணு கவனிச்சேன். எடுத்திருங்கன்னு சொன்ன உடனே எல்லாரும் ஒரு மூச்சு விடுதாங்க. தலைச்சுமையை இறக்குனா ஒரு மூச்சு வருமே, அது. லைன்ல நல்லாக் கேக்குது."

"அப்படியா ஐயா?" என்றாள் கனியம்மாள்.

மறுபடி உட்கார்ந்தார்கள். அ முடிந்து, இ முடிந்து, க வந்தது. கோமதிகளும் கோமதிநாயகங்களும் இன்னும் கொஞ்சம் கீழே இருந்தார்கள். அதற்கு முன்னால் குழல்வாய்மொழி.

பலவேசத்தின் கை நின்றது. ஒன்றும் நடக்காதது போல் ஒரு வரி தள்ளி அடுத்த பேருக்குப் போகப் பார்த்தார்.

"வரிசை தப்ப வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் கனியம்மாள்.

பலவேசம் தொண்டையைச் செருமிக்கொண்டு நம்பரை வாசித்தார். பெரியவர் ஒவ்வொன்றாக அழுத்தினார். ஏழாவது எண்ணில் விரல் நின்றுவிட்டது.

"இது நம்ம பாப்பா நம்பருல்லா?"

பலவேசம் லேப்டாப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"இவகிட்ட கேக்க வேண்டாம்மா. இவ இருக்கட்டும்."

"மத்தவங்க வீட்டுப் பிள்ளைங்ககிட்ட எல்லாம் கேட்டோமே ஐயா."

"நான் இவளைப் பெத்தவன்."

"இன்னைக்கு யாரும் பெத்தவங்களைக் கேக்கலையே."

கீழே பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு கிளம்பியது. அது வளைவு திரும்புகிற வரைக்கும் ஆறுமுகநயினார் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சம் மூன்று எண்ணையும் அழுத்தினார்.

மணி அடித்தது. எடுத்தாள். பின்னால் ஏதோ மெஷின் சுற்றுகிற சத்தம்.

"வணக்கம். திருமணத் தகவல் மையத்துல இருந்து பேசுதோம்" என்றார்.

"அப்பாவா?"

"மையத்துல இருந்து பேசுதேம்மா." குரல் கொஞ்சம் இறங்கிற்று. உடனே நிமிர்த்திக்கொண்டார். "உங்க படம் எங்ககிட்ட பதினோரு வருஷமா இருக்கு. வச்சிருக்கவா, எடுத்துரவா. நீங்க சொல்லுததுதான் முடிவு. நாங்க புத்தி சொல்ல மாட்டோம்."

மெஷின் சத்தம் தூரமாகப் போனது. அறையை விட்டு வெளியே வந்திருப்பாள் போல.

"நிஜமாவே கேக்கீங்களா?"

"கேக்கேன்."

"எடுத்திருங்க சார்" என்றாள் குழல்வாய்மொழி.

அப்புறம் அந்த மூச்சு. பலவேசத்துக்கும் கேட்டது.

"சரிம்மா. எடுத்துருதோம்."

"மத்தியான மாத்திரை போட்டீங்களா?"

"அது சொந்த விஷயம். ஆபீஸ் போன்ல பேசக் கூடாது" என்றார் ஆறுமுகநயினார். அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வைத்தாள்.

பெரியவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எதை அழுத்தணும்?"

பலவேசம் காட்டினார். பெரியவர் ஆறு படத்தையும் ஒரு தடவை பார்த்தார். அழுத்தினார்.

"போயிருச்சா?"

"குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கு ஐயா. மனசு மாறினா திரும்ப எடுத்துக்கிடலாம்."

"என் பிள்ளை எதுக்குக் குப்பைத்தொட்டியில கிடக்கணும்? அதையும் காலி பண்ணும்."

பலவேசம் காலி செய்தார். மூன்று பேரும் கோட்டைப் பார்த்தார்கள்.

"கோடு அசையவே இல்லையே" என்றார் ஆறுமுகநயினார்.

"ஒரு ஆளை எடுத்தா அதுல தெரியாது ஐயா."

"எனக்குத் தெரியுது" என்றார்.

பதினோரு வருஷமாக நுனியில் உட்கார்ந்து பழகிய மனுஷன், அன்றைக்கு நாற்காலியில் முதுகைச் சாய்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். போன் கையிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "அப்ப என் வேலை முடிஞ்சிருச்சு. நான் கிளம்பவா?" என்று கேட்டார்.

கனியம்மாள் அவர் கையில் இருந்து போனை வாங்கினாள். அது நனைந்திருந்தது. சேலை முந்தானையால் துடைத்தாள். திரும்பவும் அவர் கையிலேயே கொடுத்தாள்.

"அடுத்த நம்பரை வாசிங்க அண்ணாச்சி" என்றாள்.